எதைப் பார்த்து எழுதுவது?

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான பட்டியல் வெளிவந்து, அதிலே பெயர் இல்லாதவர்கள் மேன்முறையீட்டுக்காக அலைந்துகொண்டிருந்த நாட்கள். எமது பங்கின் மாலைநேர வகுப்புக்கு ஒரு தாய் வந்தார். கையில் ஒரு வெற்றுக் கடதாசி. பக்கத்தில் தரம் 5இல் படிக்கும் மகன். "கந்தோருக்குக் குடுக்க ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார்.

"மகன் ஐந்தாம் தரம்தானே, முதல் இரண்டு வரியை அவனே எழுதட்டும்" என்றோம். தாய்க்குப் பெருமை. "தம்பிக்கு நல்ல எழுத்து, பாருங்கோ" என்று அவனது கொப்பியை விரித்துக் காட்டினார். உண்மைதான். முத்துமுத்தான கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி அடையாளம். பென்சிலைக் கொடுத்து, "உங்கள் வீட்டுக்கு ஏன் இந்த உதவி தேவை என்று எழுது" என்றோம். அவன் கடதாசியைப் பார்த்தான். எம்மைப் பார்த்தான். கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தான். அதில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டான்: "அக்கா, எதைப் பாத்து எழுதுறது?"

ஐந்து ஆண்டுகள் பாடசாலை சென்ற பிள்ளையின் கேள்வி அது. "ஒன்றையும் பார்க்கவேண்டாம். அப்பாவின் தொழில் இப்போது எப்படி என்று எங்களுக்குச் சொல்லு" என்றோம். உடனே சொன்னான்: "மண்ணெண்ணெய் விலை ஏறினாப்பிறகு அப்பா கிழமையில ரெண்டு நாள்தான் கடலுக்குப் போறவர்." 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு வசனம் போதும். "அதையே எழுது" என்றோம். "இதையா?" என்று நம்பாமற் கேட்டான். எழுதி முடிக்க அரைமணி நேரம் சென்றது. மூன்று எழுத்துப் பிழைகள். ஆனால் அந்தக் கடிதத்தின் முதல் வரி அதுவாகவே இருந்தது.

அன்றிலிருந்து எமது வகுப்பில் எழுத்துக் கற்பிக்கும் முறையைச் சிறிது சிறிதாக மாற்றி வருகிறோம். அந்த அனுபவத்தை ஏனைய கிராமங்களில் இப்பணியில் ஈடுபட்டிருப்போருடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

பார்த்தெழுதுவது எழுத்தாகுமா?

எமது பாடசாலைகளில் எழுத்துப் பாடம் எப்படி நடைபெறுகிறது என்பதை எல்லோரும் அறிவோம். ஆசிரியர் பலகையில் எழுதுவார்; பிள்ளைகள் பார்த்தெழுதுவார்கள். பின்னர் சொல்வதெழுதுதல். அதற்குப் பின் கட்டுரை. அந்தக் கட்டுரையும் பலகையிலிருந்து கொப்பிக்கும், கொப்பியிலிருந்து மனத்துக்கும், மனத்திலிருந்து பரீட்சைத் தாளுக்கும் போய்ச் சேரும். பிறந்த நாளிலிருந்து கரைவலையும் கருவாட்டு வாடியும் பார்த்து வளர்ந்த பிள்ளை, பசுவுக்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு என்று எழுதிப் புள்ளி பெறுகிறது. சோளகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் கடல் எப்படி மாறும் என்பது அதே பிள்ளைக்குத் தெரியும். அதை எழுதும்படி யாரும் கேட்டதில்லை.

பார்த்தெழுதுதல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கை பழகுவதற்கும் எழுத்தின் வடிவம் மனதிற் பதிவதற்கும் அது வேண்டும். ஆனால் அது கையின் வேலை. எழுதுதல் என்பது, சொல்வதற்கு ஒரு விடயம் இருந்து, அதை அறிய வேண்டிய ஒருவருக்காகச் சொற்களைத் தேடி எடுப்பது. முதலாவதை ஐந்து ஆண்டுகள் செய்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்பியிருக்கிறோம். அது தானாக வருவதில்லை.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருங்கே பார்க்கவேண்டிய சிறிய பாடசாலைகள் இன்றும் உள்ளன. பலகையில் எழுதிவிட்டால் ஒரு வகுப்பு அமைதியாக இருக்கும். மற்ற வகுப்பைக் கவனிக்கலாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வேறு தலைக்கு மேல் தொங்குகிறது. பெற்றோராகிய நாமும் கொப்பி நிறைந்திருந்தாற்றான் படிப்பு நடந்தது என்று எண்ணுகிறோம். 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றும் கலந்து நடைபெற வேண்டும் என்றும், முதல் இரு தரங்களில் விளையாட்டுக்கே கூடிய இடம் வேண்டும் என்றும் கூறியது. வழிகாட்டல் நல்லது. அது கிராமத்து வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் மீண்டும் பலகையும் கொப்பியும் முன்னால் வந்துவிடுகின்றன.

இதனால் ஏற்படும் இழப்பு புள்ளிகளில் மட்டும் இல்லை. எமது மக்களின் குறைகளை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். கச்சேரி வாசலில் காசுக்கு மனு எழுதுபவர்; அல்லது படித்த அயலவர்; அல்லது நாம். காணிக்கும் படகுக்கும் நட்டஈட்டுக்கும் எழுதப்படும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரியான வசனங்களில் இருக்கின்றன. போரின்போது காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் ஆணைக்குழு ஆணைக்குழுவாக எத்தனையோ மனுக்களைக் கொடுத்தார்கள். அவற்றில் எத்தனை அவர்களது சொந்தச் சொற்களில் அமைந்தவை? தனது வார்த்தையைத் தானே எழுத முடியாத மக்களின் துயரம் இன்னொருவரின் வசனத்துக்குள் அடங்கிச் சிறுத்துப்போகிறது. ஆகவே ஆரம்ப வகுப்பில் எழுதக் கற்பிப்பதைக் கிராம அபிவிருத்தியின் முதல் வேலைகளில் ஒன்றாகவே நாம் கருதுகிறோம்.

மணல் தந்த பாடம்

எம்மவரிடையே பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது தட்டில் பரப்பிய அரிசியிலே விரல் பிடித்து 'அ' எழுதுவிப்பார்கள். முற்காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலிலே எழுதிப் பழகிய பின்னரே பிள்ளை ஓலையைத் தொடும். 1789இல் சென்னையிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்னும் குருவானவர், வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிலத்தில் மணல் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தமது விடுதியிலும் தொடக்கினார். மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பாடசாலைகள் பலவற்றில் அந்த முறை பரவி, 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

பழையன எல்லாம் நல்லவை என்பதற்காக இதைக் கூறவில்லை. அந்தத் திண்ணைகளில் பிரம்பும் இருந்தது. பொருள் விளங்காத மனனமும் இருந்தது. ஆனால் மணலுக்கு ஒரு குணம் உண்டு. பிழை விட்டால் கையால் தடவினால் போதும். கொப்பியில் விட்ட பிழை சிவப்பு மையோடு ஆண்டு முழுவதும் கிடக்கும். பிழைக்கு அஞ்சும் பிள்ளை, தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டுமே எழுதும். அதாவது பலகையில் இருப்பதை. மேலும் 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைக்க நேர்ந்தது. கொப்பிகளின் விலையும் ஏறியது. மணலுக்கு விலை இல்லை.

எமது வகுப்பில் மீன்பெட்டிப் பலகையால் ஓரடி அகலத் தட்டுகள் செய்து, அரித்த கடல் மணலை நிரப்பி வைத்திருக்கிறோம். சிறிய பிள்ளைகள் முதல் சில வாரங்கள் அதிலேதான் எழுதுவார்கள். சிப்பி பொறுக்குதல், ஓலை பின்னுதல், களிமண் உருட்டுதல் ஆகியனவும் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு வலுக் கொடுக்கின்றன. இடக்கையால் எழுதும் பிள்ளையை இடக்கையாலேயே எழுதவிடுங்கள். அது குறையன்று.

தமிழ் எழுத்தின் கடினமும் இலகுவும்

தமிழ் எழுத்துகள் 247 என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தத் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, சில குறிகள், ஓர் ஆய்தம். மிகுதி இவற்றின் சேர்க்கை. 'ங' வரிசையிற் பெரும்பாலானவை நாளாந்த எழுத்தில் வருவதே இல்லை. 'அ' வளைவுகள் நிறைந்த கடினமான எழுத்து. அகர வரிசையில் முதலாவது என்பதற்காகக் கைக்கும் முதலாவதாக இருக்க வேண்டியதில்லை. ட, ப, ம ஆகிய மூன்றையும் குற்றையும் வைத்துக்கொண்டே படம், மடம், பட்டம், மட்டம் என்று எழுதலாம். 'ர' சேர்ந்தால் மரம் வந்துவிடும். முதல் வாரத்திலேயே பொருளுள்ள ஒரு சொல்லை எழுதிவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

பிள்ளை எங்கே இடறும் என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. 'கெ' என்னும்போது காதுக்கு முதலில் கேட்பது 'க்'. ஆனால் கை முதலில் எழுதவேண்டியது கொம்பு. 'கொ' என்பதில் ஒரே ஒலியின் குறி எழுத்தின் இரு பக்கத்திலும் நிற்கிறது. கு, சு, டு, து என்னும் உகர வரிசை எழுத்துக்கு எழுத்து உரு மாறுகிறது. ஆகவே அவற்றைத் தனித்தனியாகவே பழக்கவேண்டும். இவ்விடங்களில் பிள்ளை பிழை விடுவது கவலையீனத்தால் அன்று.

ல, ழ, ள, ர, ற, ந, ன, ண ஆகியவற்றை விதியாகச் சொல்லிக்கொடுத்து நாம் பயன் கண்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைக்குப் பழக்கமான ஒரு சொல்லை நங்கூரமாக இட்டோம்: வலை, மழை, வள்ளம், கரை, காற்று, நண்டு, மீன். இந்த ஏழு சொற்களையும் படத்தோடு சுவரில் ஒட்டியிருக்கிறோம். சந்தேகம் வரும்போது, "இது வலையின் 'ல'வா, வள்ளத்தின் 'ள'வா?" என்று பிள்ளைகள் தமக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார்கள். வயற் கிராமத்தில் வேறு சொற்கள், தோட்டத்தில் வேறு சொற்கள் அமையலாம்.

பிள்ளை கேட்கும் சொல்

நியூசிலாந்தில் மாவோறிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வோர்ணர் என்னும் ஆசிரியை, 1963இல் வெளியான தமது நூலில் ஓர் எளிய முறையை விளக்கியிருக்கிறார். "இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும்?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பார். அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் பிள்ளை அதை அடையாளங்கண்டால் அட்டை பிள்ளைக்கே சொந்தம். காணாவிட்டால் அந்தச் சொல் பிள்ளைக்கு உண்மையில் வேண்டியதன்று என்று ஒதுக்கிவிடுவார். அன்பும் பயமும் கலந்த சொற்களே பிள்ளைகளின் நினைவில் நின்றன.

நாமும் பழைய கலண்டர் அட்டைகளை வெட்டி இதைச் செய்து பார்த்தோம். எமது பிள்ளைகள் கேட்ட சொற்கள்: அப்பா, வள்ளம், எஞ்சின், பாம்பு, ஐஸ்பழம். தரம் 1இல் படிக்கும் ஒரு பிள்ளை 'குவைத்' என்று எழுதித் தரும்படி கேட்டாள். அவளது தாய் அங்கே வீட்டு வேலைக்குச் சென்றிருந்தார். ஆரம்பப் பாடநூல் எதுவும் முதலாம் வகுப்புக்கு அப்படியொரு சொல்லைக் கொடுக்காது. ஆனால் அவள் அதை ஒரே நாளில் எழுதப் பழகினாள். பின்னர் ஒருநாளும் மறக்கவில்லை. 'கு'வையும் 'வை'யையும் அவள் அந்தச் சொல்லிலிருந்தே ஏனைய சொற்களுக்கு எடுத்துச் சென்றாள்.

வீட்டுப் பேச்சு பிழையா?

சொல்லிலிருந்து வசனத்துக்கு வரும்போது ஒரு பெரிய தடை எதிர்ப்படுகிறது. தமிழில் கதைக்கும் மொழி ஒன்று, எழுதும் மொழி ஒன்று. "அம்மா மீன் விக்கப் போட்டா" என்று எழுதிய பிள்ளையின் வசனத்தை முழுவதும் வெட்டிவிட்டு, மேலே சரியான வசனத்தை எழுதிக் கொடுத்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றே: அம்மாவைப் பற்றித் தான் சொன்னது பிழை. அடுத்த முறை அது பசுவைப் பற்றியே எழுதும்.

நாம் இப்போது பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரிக்கிறோம். இடப்பக்கம் 'கதைக்கிறது', வலப்பக்கம் 'எழுதுகிறது'. முதலில் பிள்ளை தான் கதைப்பதை அப்படியே எழுதும். பின்னர் இருவருமாக இருந்து வலப்பக்கத்தை எழுதுவோம்: "அம்மா மீன் விற்பதற்குப் போய்விட்டார்." இரண்டும் சரி, இடம் வேறு. கோயிலுக்குப் போகும்போது வேறு சட்டை போடுவதில்லையா என்று சொன்னால் சிறியவர்களுக்கும் விளங்குகிறது. தரம் 5 அளவில் பெரும்பாலானோர் நேரடியாகவே வலப்பக்க மொழியில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

திருத்துவதிலும் ஒரு கட்டுப்பாட்டை எமக்கு நாமே விதித்துக்கொண்டோம். முதலில் பிள்ளை எழுதியதற்கு மனிதராகப் பதில் சொல்வது: "நாய்க்குட்டிக்கு இப்போது சுகமா?" அதன் பின்னரே பிழை. அதுவும் ஒரு நாளைக்கு ஒரே வகைப் பிழை. இன்று கொம்பு என்றால் கொம்பு மட்டும்.

மலைக் கிராமத்துக் குருவானவர்

சேர்ந்து எழுதுவது எப்படி என்பதை நாம் இத்தாலியிலிருந்து அறிந்துகொண்டோம். வசதியான குடும்பத்திற் பிறந்த லொறென்சோ மிலானி என்னும் குருவானவர் 1954 டிசம்பரில் புளோரன்ஸ் நகருக்கு வடக்கேயுள்ள பர்பியானா என்னும் மலைப் பங்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே அப்போது ஒழுங்கான வீதியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அரச பாடசாலையிலே தோல்வியடைந்து விலக்கப்பட்ட குடியானவரின் பிள்ளைகளுக்காகத் தமது இல்லத்திலேயே பாடசாலை நடத்தினார். ஏழைக்குக் குறைவாக இருப்பது சொல்லே, சொல்லைப் பெற்றவன் மற்றவனுக்குச் சமமாவான் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. அவரது மாணவர் எட்டுப் பேர் சேர்ந்து, தம்மைத் தோல்வியடையச் செய்த ஆசிரியைக்கு எழுதுவதாக அமைந்த ஒரு கடிதம் 1967இல் நூலாக வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மிலானி தமது 44ஆவது வயதில் நோயினால் இறந்தார். வாழ்நாளில் திருச்சபை அதிகாரிகளின் அதிருப்தியைச் சம்பாதித்த அவரது கல்லறைக்குப் பாப்பரசர் பிரான்சிஸ் 2017 ஜூனில் சென்று செபித்தார்.

அந்தப் பிள்ளைகள் எழுதிய முறை இதுதான். தோன்றும் எண்ணங்களை எல்லாம் தனித்தனித் துண்டுகளில் எழுதுவது. துண்டுகளை மேசையில் பரப்பி, ஒரே விடயத்தைச் சொல்பவற்றை ஒன்றாகக் குவிப்பது. குவியல்களை வரிசைப்படுத்துவது. பிறகு தேவையற்ற சொற்களை ஒவ்வொன்றாக நீக்குவது. அறியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டி, விளங்காத இடத்தைத் திருத்துவது.

அவர்கள் எமது பிள்ளைகளிலும் சற்று மூத்தவர்கள். எனினும் தரம் 3 முதல் 5 வரையான பதினொரு பிள்ளைகளுடன் நாம் முயன்றோம். விடயத்தை அவர்களே தெரிவுசெய்தார்கள்: காலையில் பஸ் எமது சந்தியில் நிற்காமற் போவது. 27 துண்டுகள் சேர்ந்தன. "நான் கை காட்டினனான்", "மழையில நனைஞ்சம்", "சீசன் எண்டா நிப்பாட்டமாட்டினம்", "றைவர் கூடாதவர்". கடைசித் துண்டைப் பற்றி நீண்ட விவாதம். றைவர் கடிதத்தை வாசித்தால் கோபிப்பாரே என்றான் ஒருவன். அவரும் ஒரு பிள்ளையின் அப்பாவாக இருப்பார் என்றாள் இன்னொருத்தி. அந்தத் துண்டை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக என்ன வைப்பது? எண்ணிப் பார்ப்போம் என்றார்கள். பத்துப் பாடசாலை நாட்கள் சந்தியில் நின்று குறித்தார்கள். ஆறு நாட்கள் பஸ் நிற்கவில்லை. கடிதத்தில் அந்த எண் இடம்பெற்றது, வசை இடம்பெறவில்லை.

எழுத்து என்பது பிள்ளையைக் கண்ணைத் திறந்து பார்க்கச் செய்யும், மற்றவரின் நிலையில் நின்று யோசிக்கச் செய்யும் என்பதை அன்று நாமே அவர்களிடம் கற்றோம். உரிய காரியாலயத்துக்குக் கடிதம் போயிற்று. பதில் எழுத்தில் வரவில்லை. ஆனால் ஒரு மாதத்தின் பின் பஸ் நிற்கத் தொடங்கியது. எல்லா நாளும் அன்று, அநேகமான நாட்களில்.

நாம் செய்யக்கூடியவை

பெரும் செலவின்றி ஒவ்வொரு பங்கிலும் கிராமத்திலும் தொடங்கக்கூடிய சிலவற்றைக் கீழே தருகிறோம்.

1. கிழமையில் ஒரு நாளாவது பலகையைத் துடைத்துவிட்டு, ஒன்றையும் பார்க்காமல் பிள்ளை எழுதுவதற்கு அரைமணி நேரம் ஒதுக்குதல். இரண்டு வசனம் போதும்.

2. சிறியவர்களுக்கு மணல் தட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் சொந்தச் சொற்களுக்கு ஓர் அட்டைக் கட்டு.

3. எழுதத் தெரியாத பிள்ளை சொல்ல, மூத்த பிள்ளை எழுதிக் கொடுத்தல். தனது சொல் கடதாசியில் வருவதைப் பார்ப்பது முதற்படி.

4. உண்மையாக வாசிப்பவர் ஒருவருக்கு எழுதுதல்: வெளிநாட்டிலுள்ள தாய்க்கு, சுகமில்லாத அம்மம்மாவுக்கு, நூலகருக்கு, பிரதேச சபைக்கு.

5. பிள்ளைகள் எழுதியவற்றைத் தைத்து ஒரு சிறு புத்தகமாக்கி வகுப்பிலேயே வைத்தல். எமது வகுப்பில் அதிகம் வாசிக்கப்படுவது அதுதான்.

6. பெற்றோர், எழுத வாசிக்கத் தெரியாதவராயினும், "நீ எழுதினதை வாசி, கேப்பம்" என்று ஒரு நாளைக்கு ஒருமுறை கேட்டல். கொப்பி நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதை விட இது மேலானது.

நற்செய்திகளில் இயேசு எழுதியதாக ஒரேயோர் இடத்திலேதான் காண்கிறோம். யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், எல்லோரும் சூழ்ந்து நின்று ஒரு பெண்ணைக் குற்றஞ்சாட்டியபோது, அவர் குனிந்து விரலால் தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லப்படவில்லை. ஆனால் அவர் யாருடைய பக்கத்தில் இருந்து எழுதினார் என்பது எமக்குத் தெரியும்.

மேன்முறையீட்டுக் கடிதம் எழுதிய அந்தப் பையன் இப்போது இடைநிலைப் பாடசாலைக்குப் போகிறான். மாலையில் வந்து சிறிய பிள்ளைகளுக்கு மணல் தட்டைப் பரப்பிக் கொடுப்பது அவன்தான். அண்மையில் ஒரு சிறுமி அவனிடம், "அண்ணா, எதைப் பாத்து எழுதுறது?" என்று கேட்டாள். "ஒண்டையும் பாக்காத. நேற்று நீ என்ன செய்தனி எண்டு முதல் எனக்குச் சொல்லு" என்று அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நாம் பக்கத்தில் இருந்தோம்.